தூத்துக்குடி அக்கா பார்த்த முத்து

ஆவடியில் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வரிசையில் யார் எந்த ஊரிலிருந்து வந்தாரோ, அந்த ஊரின் வேலை அவர் தலையில் விழுந்துவிடும். பீரோவின் பூட்டு இறுகிக்கொண்டால் திண்டுக்கல்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவர் ஃபேக்டரியில் பெயிண்ட் அடிப்பவர். பூட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு ஒரு சாவி உண்டு என்பதுதான். ஆனாலும் வந்து தேங்காயெண்ணெய் விட்டு, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார். பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் காஞ்சிபுரத்து டீச்சரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த செலின் அக்காவுக்கு முத்து விழுந்தது.

செலின் அக்கா எங்கள் பக்கத்து வீடு. ஒல்லியாக, உயரமாக இருப்பார். முந்தானையை எப்போதும் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருப்பார். அவர் கணவர் இக்னேஷியஸ் அண்ணன் ராணுவ டேங்க் செய்யும் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வீட்டில் அவர் எதையும் உற்றுப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உற்றுப் பார்ப்பதெல்லாம் அக்காதான்.

அதற்குக் காரணம் உண்டு. அக்காவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். ஆனால் போட்டுக்கொள்ள வெட்கம். அரிசியில் கல் பொறுக்கும்போது மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வார். வெளியில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் கண்ணருகே கொண்டுபோய், மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

எண்பத்து நாலாம் வருடம் என்று நினைக்கிறேன், மேல் வீட்டுப் பெண் ஒருத்தி முத்து வைத்த கம்மலைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா உள்ளதைத்தான் சொன்னார்.

"எனக்கு முத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாதும்மா. எங்கப்பா தபாலாபீஸ்ல இருந்தாவ. எங்க வீடு ரயில்வே கேட்டுப் பக்கம். கடலப் பாக்கணும்னாலே சைக்கிள்ல போவணும்."

"சும்மா சொல்லாதீங்க, அக்கா. தூத்துக்குடியில பொறந்துட்டு முத்து தெரியாதா? எனக்குச் சொல்லித்தர மனசில்லன்னு சொல்லுங்க."

அக்கா கூச்சப்பட்டுக் கம்மலை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார். திருப்பினார். "நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து நகைக்கடைக்குப் போகிற எல்லோரும் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முத்துக்கு மட்டும் என்று தொடங்கியது, பிறகு கல், பிறகு தங்கம் என்று பரவியது. தனியாகப் போகப் பயந்து அக்கா என்னைக் கூட்டிக்கொள்வார். நான் அம்பத்தூரில் வளர்ந்தவள், ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எனவே கடையில் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அக்கா நகையைக் கண்ணருகே வைத்துத் திருப்புவார். கடைக்காரருக்கு வியர்க்கும். சில சமயம் அவராகவே சேதாரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். அதற்கும் பெயர் அக்காவுக்குத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பேசப் பேச இன்னும் குழம்பும்.

"ஏ பிள்ள, சேதாரம் சேதாரம்னு போடுதானே, அது என்னது?"

"நகை செய்யறப்ப வீணாப்போற தங்கமாங்க்கா."

"வீணாப்போறது அவன் பட்டறையிலதான கெடக்கும்? கூட்டி அள்ளிக்கிட மாட்டானா? அதுக்கு நாம ஏன் கொடுக்கணும்?"

கேரட் என்பதும் அப்படித்தான் குழப்பியது. தங்கத்துக்கு இருபத்திரண்டு கேரட் என்றார் கடைக்காரர். வைரத்தோட்டுக்குக் கால் கேரட் என்றார். கால் எப்படி இருபத்திரண்டைவிட உசத்தியாகும் என்று பஸ் பாடிக்கு வரும்வரை அக்கா யோசித்தார். தங்கத்தில் அது சுத்தம், கல்லில் அது எடை என்று எங்களுக்கு விளங்க வெகு நாள் ஆயிற்று. விளங்கிய பிறகும் அக்காவுக்கு அது நியாயமாகப் படவில்லை.

சிவப்புக்கல்தான் மோசம். மாணிக்கம் காட்டுங்கள் என்றால் கடைக்காரர் கெம்பு என்று ஒன்றை எடுத்து வைப்பார். கெம்புதான் மாணிக்கமா என்றால், ரூபி என்பார். ஒரிஜினல் ரூபியா என்றால், சிந்தடிக் என்பார். அப்படியென்றால் பொய்யா என்றால், "பொய் இல்லம்மா, அதே கல்லுதான், மெஷின்ல செஞ்சது. பொய்ங்கறது கண்ணாடி, அது வேற" என்பார். மூன்று சிவப்புக் கற்களும் ஒரே தட்டில் கிடக்கும். எனக்கு மூன்றும் ஒரே சிவப்பு. கண்ணாடி போடாத அக்காவுக்கு அவை மூன்று புள்ளிகள்.

ஒருமுறை, கடையின் அந்தக் கோடியில் யாருக்கோ ஒருவர் முத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முத்தை முன்பல்லில் உரசினால் ஒன்று நறநறவென்று இருக்குமாம், இன்னொன்று வழுக்குமாம். மின்விசிறிச் சத்தத்தில் எது நல்லது, எது போலி என்பது எங்கள் காதில் விழவில்லை. போய்க் கேட்க அக்காவுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பத்மா அக்காவின் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

பத்மா அக்கா எங்கள் வரிசையில் கடைசி வீடு. புருஷன் தவறியதும் அவர் வேலைக்குப் பதிலாக ஃபேக்டரி கேண்டீனில் வேலை கிடைத்துச் சேர்ந்தவர். வீட்டில் ஆண் என்றால் பாடியிலிருந்து வந்துபோகும் தம்பி உத்தமன்தான். அவர் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும். மாப்பிள்ளை பூந்தமல்லிப் பையன், பஸ் டெப்போவில் மெக்கானிக். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மாள், வசந்தாவின் கழுத்தில் ஒரு முத்துமாலை போட்டார். நடுவில் சிவப்புக்கல் பதக்கம். எல்லோரும் பார்த்தார்கள். நான் வசந்தாவின் கையைப் பார்த்தேன். மாலையின் முத்துக்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை வீட்டார் போனதும் உத்தமன் மாலையைக் கேட்டு வாங்கினார். அவர் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர்.

"இன்னாக்கா இது, எல்லாம் ஒரே சைசுல கீது? நான் லேத்துல கடஞ்சாகூட ரெண்டு பீசு முன்ன பின்ன வரும். கடல்ல கீற சிப்பி இன்னா, மைக்ரோமீட்டர் வெச்சுகினா முத்து போடுது?"

"சும்மா இரு, உத்தமா. அவங்க ஆசையாப் போட்டாங்க."

"டூப்பு மால போட்டு ஏமாத்துறாங்கக்கா. இன்னிக்கு மால டூப்பு, நாளைக்கு மாப்ள டூப்பு. பொய்ச் சாமான் போடற ஊட்டுக்கு நம்ம பொண்ணு எதுக்கு? இது நெசம்னு தெரியணும். இல்லாட்டி கல்யாணம் வேணாம்."

ஆவடி பஜாரில் இரண்டு கடையில் காட்டினார்கள். முதல் கடைக்காரர் பதக்கத்தின் தங்கத்தை உரசிப் பார்த்துவிட்டு, தங்கம் சரி, முத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். இரண்டாவது கடைக்காரர் பார்த்த உடனேயே, "ஒரிஜினல் கல்ச்சர்" என்றார். ஒரிஜினல் என்றதும் பத்மா அக்காவுக்கு முகம் மலர்ந்தது. கல்ச்சர் என்றதும் உத்தமனுக்கு மலர்ந்தது. கல்ச்சர் என்றால் என்ன என்று கேட்டதற்கு, சிப்பியைப் பிடித்து அதற்குள் ஒரு மணியை வைத்து மறுபடியும் தண்ணீரில் விடுவார்கள், சிப்பி அதன் மேல் முத்தை வளர்க்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து பத்மா அக்காவும் தம்பியும் மோதிக்கொண்டார்கள்.

"பாத்தியா, மன்சன் வெச்சது. அப்ப டூப்புதான?"

"எப்பிடிடா டூப்பு? சிப்பிதான வளக்குது? மாட்டாஸ்பத்திரியில ஊசி போட்டுப் பொறக்குதே, அது கண்ணுக்குட்டி இல்லியா?"

உத்தமன் கொஞ்சம் யோசித்தார். "கண்ணுக்குட்டிதான். ஆனா காள மாடு எங்க கீது?"

"பால் கறக்குதா இல்லியா, அத்தச் சொல்லு."

"இதுல பால் எங்கக்கா வந்துது? தல சுத்துது. தூத்துக்குடி அக்காவக் கேளு. அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும். நெசம்னா நானே பந்தக்கால் நடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து செலின் அக்கா வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். வசந்தாவும் வந்தாள். உள்ளே வராமல் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உத்தமன் மாலையை அக்காவின் கையில் வைத்தார். அக்கா வழக்கம்போல் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பினார். ஆனால் இந்த முறை "நல்லாருக்கு" என்பது போதாது. அது அவருக்கும் தெரிந்தது. பல்லில் உரசுகிற விஷயம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முத்தை முன்பல்லில் வைத்து இழுத்தார். எனக்குக் கேட்டது. நறநற.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நறநற நல்லதா, வழுக்குவது நல்லதா? அந்தப் பார்வையில் இருந்தது அது ஒன்றுதான். நான் என்ன செய்வேன்? உதட்டைப் பிதுக்கினேன்.

"சொல்லுங்கக்கா" என்றார் உத்தமன்.

அக்கா வசந்தாவைப் பார்த்தார். மாலையைக் கீழே வைத்தார். "தம்பி, கோவிச்சுக்கிடாதீய. எனக்கு முத்து தெரியாது. எப்பவுமே தெரியாது. எல்லாரும் கேக்காவளேன்னு பாத்துக் கொடுப்பேன், அவ்ளோதான். எனக்குக் கண்ணே சரியாத் தெரியாது."

உத்தமன் தொடையில் தட்டிக்கொண்டார்.

"பாத்தியாக்கா! பெரிய மன்சி. பொய்னு வாயால சொல்லி ஒரு பொண்ணு கல்யாணத்தக் கெடுக்கக் கூடாதுன்னு, தெரியாதுன்றாங்க. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"ஐயோ, இல்ல தம்பி, நெசமாவே..."

"புரிஞ்சுதுக்கா. நல்லாப் புரிஞ்சுது."

இக்னேஷியஸ் அண்ணன், அவளுக்கு நிஜமாகவே முத்து தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? "நீங்க வேணா உங்க எக்ஸ்ரே மிசின்ல வெச்சுப் பாருங்க மாமே" என்று உத்தமன் கேலி செய்தார். "கேட்டுல செக்யூரிட்டிக்காரன் டிபன் பாக்ஸையே தொறந்து பாக்கான். முத்துமாலையோட போனா என்னையே எக்ஸ்ரே எடுத்துருவான்" என்றார் அண்ணன். உத்தமன்கூடச் சிரித்துவிட்டார். வசந்தா சிரிக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் வீட்டுக்கு நடந்து போனாள்.

அன்று மாலை வரை அக்கா அழுதார். தெரியும் என்று எப்போதும் சொன்னதில்லை, ஆனாலும் நம்பினார்கள். தெரியாது என்று சொன்னார், அதை மட்டும் நம்பவில்லை. இது எப்படி என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் காலை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தெருவில் அக்காவைக் கண்ணாடியோடு நான் பார்த்தது அன்றுதான். "வா பிள்ள, பூந்தமல்லிக்குப் போவோம். வாங்குனவியளையே கேட்டுருவோம்" என்றார்.

வடிவம்மாள் வாசலில் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தார். தெருவிலேயே இட்லி போட்டு விற்பவர். ஆவடியிலிருந்து வருகிறோம் என்று அக்கா சொன்னதும் ஆட்டுக்கல்லிலிருந்து கையைக் கழுவாமலே எழுந்தார்.

"நீங்கதான் அந்தத் தூத்துக்குடி அம்மாவா?" என்றார். "நிச்சயத்தன்னிக்கே சொன்னாங்கம்மா, பொண்ணு ஊட்டு வரிசையில தூத்துக்குடி அம்மா கீறாங்க, முத்தப் பாத்தாலே சொல்லிடுவாங்கன்னு. அன்னிலருந்து எனக்குச் சோறு எறங்கல. எங்கண்ணன் லாரி ஓட்டுது. ஐதராபாத்துலருந்து வாங்கியாந்து குடுத்துச்சு. எனக்கு முத்துன்னா இன்னா தெரியும்? நான் மாவாட்டறவ. நல்ல முத்துன்னு நெனச்சுதான் போட்டேன். சொல்லும்மா, நல்ல முத்தா? பொய்யா இருந்தா எம் மானமே போயிடும்."

அக்கா கேட்க வந்த கேள்வியை அந்த அம்மாவே கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அக்கா அந்த அம்மாவின் மாவுக் கையைப் பார்த்தார். பிறகு, "கையக் கழுவிட்டு வாங்க. இத எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. பொண்ணு வீட்டுல வந்து சொல்லுங்க" என்றார்.

மத்தியான பஸ்ஸில் மூன்று பேரும் ஆவடிக்கு வந்தோம். உத்தமன் அன்று லீவு போட்டிருந்தார், பிள்ளை வீட்டுக்குப் போய் மாலையைத் திருப்பிக் கொடுப்பதற்காக. பத்மா அக்கா வீட்டில் வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பியே நின்றார். மாலை மேசை மேல் ஒரு டப்பாவில் இருந்தது. வடிவம்மாளைப் பார்த்ததும் அவர் தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிக்கும் முன்பே அந்த அம்மா அவர் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"தம்பி, நீதான் பொண்ணுக்கு மாமன். மிசின் வேல பாக்கறவன், நாலும் தெரிஞ்சவன். நீயாவது சொல்லு. அது நல்ல முத்தா, பொய் முத்தா? அந்தம்மா எனக்குச் சொல்ல மாட்டேன்னுது. பொய்னு சொல்லு, இப்பவே எங்கண்ணன் லாரி முன்னால போய் நின்னு கேக்கறேன்."

உத்தமன் திகைத்துப்போனார். பொய்யைப் போட்டு ஏமாற்றியதாக அவர் நினைத்திருந்த அம்மாவே இப்படி வந்து கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். செலின் அக்கா எத்தனையோ நாள் மாட்டிக்கொண்ட இடத்தில் இப்போது அவர் மாட்டிக்கொண்டார். டப்பாவைத் திறந்தார். மாலையை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். திருப்பினார். அப்புறம், முந்தின நாள் அக்கா செய்ததைப் பார்த்திருந்தாரே, அதையே செய்தார். ஒரு முத்தைப் பல்லில் உரசினார்.

"நறநறன்னு கீது" என்றார்.

"எனக்கும் நறநறன்னுதான் இருந்துச்சு" என்றார் அக்கா.

"இங்க குடு" என்று பத்மா அக்கா வாங்கி உரசிப் பார்த்தார். "ஆமாம், நறநற." வடிவம்மாளும் உரசினார். அவருக்கும் அதேதான். என் கையிலும் கொடுத்தார்கள். பல்லில் மெல்லிய மணல் பட்டது போல இருந்தது. நான் தலையாட்டினேன்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி கீதுல்ல?" என்றார் உத்தமன்.

"ஒரே மாதிரிதான்."

"அப்ப செரி."

நறநறவென்றால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்க வாயெடுத்ததைப் பார்த்தேன். அதற்குள் வசந்தா வேகமாக வந்து என் கையிலிருந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அத்தைக்கு காபி போடறேன்" என்று உள்ளே போய்விட்டாள். உத்தமன் வேட்டி கட்டிய கையோடு பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பினார்.

கல்யாணம் நடந்தது. அக்காவின் பெயர் இன்னும் பெரிதாயிற்று. தெரியாது என்று சொல்லியே இரண்டு குடும்பத்தைச் சேர்த்து வைத்தவர் என்று பேசினார்கள். ஒரு பெண் ராசிக்கல் மோதிரத்தோடு அம்பத்தூரிலிருந்து வந்தாள். அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, தெரியாது என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பல வருடம் கழித்து டிஸ்பென்சரியில் மருந்துக்குக் காத்திருந்தபோது, ஒரு பழைய பத்திரிகையில் முத்தைப் பற்றி வந்திருந்ததைப் படித்தேன். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படித்தேன். நறநறவென்றால் அது முத்து, வழுக்கினால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. அதுவரை சரி. ஆனால் தானாக விளைந்ததும் மனிதர் மணி வைத்து வளர்த்ததும், இரண்டுமே நறநறவென்றுதான் இருக்குமாம். அந்த வித்தியாசத்தைப் பல்லால் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். இரண்டு முறை படித்தேன். அன்று உத்தமன் கேலியாகச் சொன்னது ஒன்றுதான் சரியான வழி.

அதற்குள் இக்னேஷியஸ் அண்ணன் ரிட்டயர் ஆகி இருவரும் தூத்துக்குடிக்கே போய்விட்டிருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப வசந்தா போட்டுருக்கது நெசமா, பொய்யா?" என்றார்.

"நெசந்தாங்க்கா. வளத்த முத்து."

"வளத்ததுன்னா நெசமில்லியா?"

"நெசந்தான்."

"பொறவு எக்ஸ்ரே எதுக்குங்கேன்?"

நான் பேச்சை மாற்றினேன். மகளுக்குக் காது குத்தியபோது வசந்தா அந்த மாலையைத்தான் போட்டிருந்தாள், முத்துக்கள் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டன, ஆனால் நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொன்னேன். அக்கா சந்தோஷப்பட்டார். அங்கே எப்படி இருக்கிறீர்கள், முத்துப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"இங்க யாரு முத்தக் கேக்கா?" என்று சிரித்தார். "ஆவடியிலருந்து வந்தவன்னு, டிவியில ராணுவ டேங்க் போனா எங்கிட்டதான் ஓடி வாராவ. இது நல்ல டேங்கா, ஓட்ட டேங்கான்னு கேக்காவ. நானும் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, நல்லாருக்குன்னு சொல்லிருதேன்."